பூதத்தின் காலில் முள்

தலைமையாசிரியை அறைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் மாதேஷும் மகன் லோகித்தும் உட்கார்ந்திருக்கிறார்கள். விஜயநகரின் காலை வெயில் ஜன்னல் கம்பிகளை இருவர் மடியிலும் கோடு கோடாகப் போடுகிறது. மாதேஷ் ஃபேக்டரி சட்டையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருக்கிறான். எதிர் பெஞ்சில், லோகித்திடம் அடி வாங்கிய பையன் வீங்கிய உதட்டில் ஈரக் கைக்குட்டையை ஒற்றிக்கொண்டிருக்கிறான். “எதுக்குடா அடிச்ச?” “என்னைய நோஞ்சான்னு சொன்னான். கதையில வர்ற பலசாலி, பூதத்த அடிச்சே கொன்னான்னு நீதானேப்பா சொன்ன?” மாதேஷ் தன் கைகளைப் பார்க்கிறான். சிறுவயதில் அவன் கேட்ட கதையில் பலசாலி, பூதத்தை அடிப்பதே இல்லை. அதன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, விடிய விடிய முள்ளெடுப்பான். முள்ளெடுக்க நேரமாகும், கொல்ல ஒரு வரி போதும். ஷிஃப்ட் முடிந்து வந்த அலுப்பில் மாதேஷ்தான் தினமும் பூதத்தைக் கொன்றான். கொன்றதும் பையன் தூங்கிவிடுவான். “இல்ல கண்ணு, அவன் முள்ளத்தான் எடுத்தான்.” லோகித் நம்பாமல் பார்க்கிறான். “கிட்டப் போனா பூதம் கடிக்காதா? என்ன சொல்லி அதுகிட்ட கால வாங்குனான்?” எதிர் பெஞ்சுப் பையனும் கைக்குட்டையை இறக்கிவிட்டு நிமிர்கிறான். மாதேஷ் வாயைத் திறக்கிறான். பலசாலி, பூதத்திடம் சொன்ன அந்த வார்த்தை அவனுக்கு நினைவில் இல்லை.