மூலையில் இரண்டு தடங்கள்

தாமியான் பேக்ஹேண்டில் ஓங்கி அடித்த பந்து கோர்ட்டைக் குறுக்கே கிழித்துக்கொண்டு வந்து அன்செல்மோவின் இடது மூலையில் விழுந்தது.

லைன் பார்க்கிறவர் கையை வெளிப்பக்கம் நீட்டினார். அவுட்.

அன்செல்மோவின் சொந்த ஊரான அசுன்சியோனின் கிளப்பே மூச்சு விட்டது. தாமியானுக்கு மேட்ச் பாயிண்ட் அது. உள்ளே விழுந்திருந்தால் ஆட்டம் அதோடு முடிந்திருக்கும். முப்பத்தாறு வயது அன்செல்மோவின் டென்னிஸும் சேர்ந்து முடிந்திருக்கும்.

அப்படித்தான் காலையில் பேச்சு. இன்று தோற்றால் விட்டுவிடலாம், ஜெயித்தால் திங்கட்கிழமை பிரேசிலுக்கு பஸ், அங்கிருந்து எட்டு மாதம் ஊர் ஊராக ஆட்டம் என்று அண்ணன் இலாரியோதான் சொன்னான். தோற்பதைப் பற்றிச் சொன்னதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்கு. பஸ் டிக்கெட் இரண்டும் ஏற்கெனவே அவன் சட்டைப்பையில் இருந்தன.

இலாரியோ இரண்டாவது வரிசையில், தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானம் இருந்த கொம்புக் குவளையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அரை மணி நேரமாக ஒரு வாய் உறிஞ்சவில்லை. தச்சு வேலையை விட்டுவிட்டுத் தம்பிக்குக் கோச்சாக வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. நடுவில் கல்யாணம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டான்.

வலைக்கு அந்தப் பக்கம் தாமியான் நொண்டிக்கொண்டே அம்பயரைப் பார்த்துக் கையை உயர்த்தினான். அர்ஜென்டினாக்காரன், கோர்தோபா ஊர். வயது இருபத்திரண்டு, ஆனால் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு பத்து நிமிடம் ஆகிறது. இந்தப் பாயிண்ட் மட்டும் தப்பினால் போதும், மிச்ச ஆட்டம் தானாக அன்செல்மோவின் மடியில் வந்து விழும். அது அங்கே ஐஸ் விற்கிறவனுக்குக்கூடத் தெரியும்.

பந்து மண்ணில் பதித்த தடத்தைப் பார்க்கச் சொல்லித் தாமியான் கெஞ்சினான்.

"ஏம்ப்பா கோர்தோபா, கால்தான் போச்சுன்னு பாத்தோம், கண்ணும் போச்சா?" என்று மேல் வரிசையிலிருந்து ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

அன்செல்மோ சிரிக்கவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் இப்படி ஒரு பயம் வந்ததில்லை.

அம்பயர் உயரமான நாற்காலியிலிருந்து படிப்படியாக இறங்கினார். வேலைக்குப் புதியவர். சாயங்கால வெயில் அவர் கண்ணில் நேராக அடித்தது.

அவர் வருவதற்குள் அன்செல்மோ மூலைக்குப் போய்விட்டான்.

செம்மண்ணில் இரண்டு தடங்கள் இருந்தன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஒரு சாண்தான். ஒன்று வெள்ளைக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நேராகக் கிடந்தது. மற்றது கோட்டுக்கு ஒரு விரல் வெளியே, சாய்வாகக் கிடந்தது. இதற்கு முந்தைய பாயிண்டிலும் பந்து இதே மூலையில்தான் விழுந்தது.

அம்பயர் குனிந்தார். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவர் காது சிவந்துபோயிற்று. கடைசியில் அன்செல்மோவிடமே எது என்று கேட்டார்.

கூட்டம் அடங்கிவிட்டது.

அன்செல்மோ அண்ணன் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. ராக்கெட்டை நீட்டி, கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்த தடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

அம்பயர் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தார். தனக்கு எதிராக யாராவது பொய் சொல்வார்களா? உள்ளங்கையைக் கீழே விரித்து, உள்ளே என்று சைகை காட்டினார்.

ஆட்டம் முடிந்தது.

தாமியான் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதான். பிறகு நொண்டிக்கொண்டே ஓடி வந்து அன்செல்மோவைக் கட்டிக்கொண்டான். முழுக் கிளப்பும் எழுந்து நின்று கை தட்டியது. மனுஷன் என்றால் இவன் மனுஷன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் இலாரியோவின் முதுகில் தட்டினார்கள். மேல் வரிசையில் கேலி செய்தவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

அன்செல்மோ பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். அவிழ்த்ததை மறுபடியும் கட்டினான்.

இலாரியோ படியிறங்கிக் கோர்ட்டுக்குள் வந்தான். தம்பியிடம் வரவில்லை. நேராக அந்த மூலைக்குப் போனான்.

அன்செல்மோவின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது.

சின்ன வயதில் வீட்டுக்குப் பின்னால் மண்ணில் கோடு கிழித்து, தடம் படிக்கக் கற்றுக்கொடுத்தவனே இலாரியோதான். நேராக வந்த பந்து நேராகக் கீறும், குறுக்கே வந்தது சாய்வாகக் கீறும். குவளையை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பந்தும் எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தவனும் அவன்தான்.

இலாரியோ இரண்டு தடங்களையும் வெகுநேரம் பார்த்தான். ராக்கெட் போட்ட வட்டத்தையும் பார்த்தான். அன்செல்மோ தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு மண்ணை இழுத்துத் தேய்க்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், இலாரியோ செருப்புக் காலால் சாய்ந்த தடத்தை அழித்துக்கொண்டிருந்தான். நிதானமாக, யாருக்கும் எதுவும் தெரியாதபடி, சுத்தமாக அழித்தான்.

வந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தான். குவளையை அவன் கையில் கொடுத்தான். தெரெரே சூடாகிப் போயிருந்தது.

"எத்தன வருஷமாடா விட்டுடணும்னு மனசுல வச்சிருந்த?"