நடக்கச் சொன்ன டாக்டர்

டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்ற பொய்யை அவள் வீட்டிலேயே நாலைந்து முறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

ஷூ கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒருவழியாகச் சொல்லியும்விட்டாள். பக்கத்தில் இருந்த மகள் போனிலிருந்து நிமிர்ந்தாள்.

“எந்த டாக்டர்மா?”

இருபத்தாறு வருஷமாக மருந்துக்கடையில் நிற்பவள் அம்மா. எப்பேர்ப்பட்ட டாக்டரின் கிறுக்கலையும் கண்ணை மூடிக்கொண்டு படிப்பாள். அந்த நேரம் பார்த்து ஒரு டாக்டரின் பெயரும் வாயில் வரவில்லை.

நல்லவேளை, கடைப்பெண் பெட்டியோடு வந்தாள்.

வெள்ளைத் தோல். குதிகாலில் மட்டும் பச்சை. கணுக்காலைத் தொடாமல் கீழேயே நின்றுவிடும் ஸ்னீக்கர்ஸ். ஒரு காலத்தில் பாஸ்கெட்பால் ஆடுகிறவர்கள் போட்ட மாடலாம். இப்போது ஆபீஸ், சினிமா, காய்கறி வாங்க என்று எல்லாவற்றுக்கும் இதைத்தான் மாட்டிக்கொண்டு போகிறார்கள் என்றாள்.

நடக்கத்தானே, அதற்கென்றே தனி ஷூ இருக்கிறதே என்று மகள் எதிர் அலமாரியைக் காட்டினாள். மெத்துமெத்தென்று, சாம்பல் நிறத்தில், பார்த்தாலே மூட்டு வலிக்கிற மாதிரி ஒரு வரிசை.

அவள் இதுவே போதும் என்றாள். கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டாளோ?

 மகள் மண்டியிட்டு லேஸைக் கட்டிவிட்டாள்.

குனிந்த அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவளுடைய அப்பா போய் ஏழு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து வைக்கிறவள். இவளிடம் எந்த வாயோடு சொல்வது?

எழுந்து நாலு எட்டு நடந்தாள். ஐம்பத்துநாலு வயதுக் கால்கள் யாருடைய கால்களோ போல லேசாகத் துள்ளின. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பில் போடும் இடத்தில் மகள் சட்டென்று திரும்பினாள்.

“அவருக்கு என்ன சைஸ்மா?”

“ஒன்பது.”

வாய் முந்திக்கொண்டுவிட்டது.

போன வாரம் பூங்காவில், உள்ளே புகுந்த கல்லை உதறுவதற்காக, தினமும் கூட நடக்கிறவர் கழற்றிய ஷூவைக் கையில் வாங்கியபோது கண்ணில் பட்ட எண். அவள் காதெல்லாம் சூடாகிவிட்டது. இவளுக்கு எப்போது தெரியும், எப்படித் தெரியும்?

மகள் அதற்குள் கடைப்பெண்ணிடம் இதே மாடலில் ஒன்பது கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த சைஸில் பச்சை தீர்ந்துவிட்டது, நீலம்தான் இருக்கிறது என்றாள் கடைப்பெண்.

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு நீலம் பிடிக்குமா என்று கேட்டாள்.

தெரியவில்லை. இத்தனை நாள் சேர்ந்து நடந்தும், இதைக் கேட்டதே இல்லை.

“நாளைக்குக் கேட்டுச் சொல்றேன்” என்றாள்.