ஒரே ஒரு வார்னிங்

"ஒரு வார்னிங் இருக்கு" என்றார் ஃபாங், யுன்ஜென்னின் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி.

யுன்ஜென் திரையைப் பார்த்தாள். ஊதா நிறத்தில் ஒரே ஒரு வரி.

"ஒரு மாறியை எழுதிட்டு எங்கேயும் பயன்படுத்தலை, தலைவரே. அவ்வளவுதான். எடுத்துடறேன்."

"எடுங்க. எடுத்துட்டு, எல்லாத்தையும் துடைச்சிட்டு முதல்லேர்ந்து கம்பைல் பண்ணுங்க."

"முழுக் கெர்னலுமா?"

"மாத்தினதை மட்டும் பண்ணினா மத்த ஃபைல்ல இருக்கிற வார்னிங் எல்லாம் ஒளிஞ்சுக்கும். முழுசா பண்ணுங்க."

தேநீர்க் குடுவையை மூடிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

பக்கத்து இருக்கை ஷாவ்வெய் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

"அக்கா, இது அநியாயம். அந்த ஒரு ஃபைலை மட்டும் பண்ணினா பத்து செகண்டு. முழுசா பண்ணினா உங்க பழைய மெஷின்ல முக்கால் மணி நேரம். என் கோட் முழுக்க வார்னிங்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா?"

"கேட்கலையா?"

"அப்புறம் பார்த்துக்கலாம்னுட்டார்."

மருத்துவமனைக் கருவி ஒன்றை இயக்கும் அடிப்படை மென்பொருள், அதாவது கெர்னல் அது. கருவிக்குள் இருக்கும் சின்னச் சிப்புக்குத் தன் கெர்னலைத் தானே கம்பைல் செய்துகொள்ளும், அதாவது எழுதிய நிரலை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் தெம்பு கிடையாது. இங்கே பெரிய மெஷினில் அதற்கு ஏற்ற மாதிரி தயார் செய்து, அதற்குள் ஏற்ற வேண்டும். மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். அதனால் அறையில் யாரும் இடத்தை விட்டு எழுவதில்லை. எழுந்தால், "என்ன, ரிட்டயர் ஆயிட்டீங்களா?" என்று நாலு குரல் வரும். கம்பைல் ஓடுகிறவர்களை மட்டும் சீண்ட மாட்டார்கள்.

யுன்ஜென் கட்டளையைத் தட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடியில் இருந்த தாய்மார் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தியதும் அழுகை வந்தது.

மகள் நாள் நிறையாமல் பிறந்தவள். பால் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை. "எடை ஏறுகிற வரைக்கும் உங்க பால்தான். நேரத்துக்கு எடுக்காம விட்டா வத்திடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலைக்குத் திரும்பிய புதிதில், மார்பு கட்டிப்போய் வலிக்க வலிக்க இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். பால் பாதியாகக் குறைந்தது. கேட்டால் நேரம் கொடுக்கத்தான் வேண்டும், சட்டமே இருக்கிறது. ஆனால் அத்தனை ஆண்கள் இருக்கும் அறையில் எழுந்து நின்று எப்படிக் கேட்பது?

மறுநாள் காலையிலும் வந்தார் ஃபாங். "ஒரு வார்னிங் இருக்கு. துடைச்சிட்டு முதல்லேர்ந்து."

மத்தியானமும் வந்தார்.

அதற்கடுத்த நாள் அவளே இரண்டு முறை சரிபார்த்துத்தான் கொடுத்தாள். அன்றைக்கும் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"உங்களை வெளியே அனுப்பத்தான் வழி பார்க்கிறார்" என்றான் ஷாவ்வெய், சாப்பாட்டு டப்பாவில் இருந்த பன்றி வறுவலைக் கடித்தபடி. "குழந்தை பெத்துட்டு வந்தவங்க இனிமே உதவ மாட்டாங்கன்னு நினைப்பு. ஏன்க்கா, இந்த ஷின்ச்சு ஊர்ல வேற கம்பெனியே இல்லையா?"

"கைக்குழந்தைக்காரியை எவன்டா எடுப்பான்?"

அவனால் அதற்குமேல் சாப்பிட முடியவில்லை.

யார் யாரிடம் கெஞ்சினானோ, அடுத்த வாரமே ஒரு புது மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவள் மேஜையில் ஏற்றி, மெஷின் மக்கர் பண்ணாமல் இருக்க அந்த ஊரில் எல்லோரும் வைக்கும் பச்சைப் பொட்டல மொறுமொறுப்பு ஒன்றை அதன் தலையில் வைத்து, "அடங்கி ஒடுங்கி நடந்துக்கப்பா" என்று கைகூப்பினான். முழுக் கெர்னலையும் கம்பைல் செய்து பார்த்தார்கள்.

நாலே நிமிஷம்.

அறையே கைதட்டியது. யுன்ஜென்னுக்கு நம்பவே முடியவில்லை. இனி அவர் எத்தனை முறை துடைக்கச் சொன்னாலும் கவலையில்லை. மகள் தூங்குவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.

சத்தம் கேட்டு ஃபாங் வந்தார். "யாருக்கு இது?"

"அக்காவுக்கு, தலைவரே! நாலு நிமிஷத்துல முடிக்குது!"

ஃபாங் புது மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டெஸ்டிங் குழுவுக்குக் கொடுத்துடு."

"தலைவரே..."

"கொடுத்துடுன்னேன். இவங்களுக்குப் பழசே போதும்."

திரும்பி நடந்தார். "மனுஷனா இவர்?" என்று யாரோ முணுமுணுத்தது கேட்டது.

யுன்ஜென் எழுந்தாள். வராந்தாவில் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள்.

"நான் வேலையை விட்டுப் போகணும்னா நேராவே சொல்லிடுங்க, தலைவரே. எதுக்கு இப்படித் தினமும்..."

ஃபாங் குடுவையின் மூடியைத் திருகித் திறந்தார். குடிக்காமலே மூடினார். அவர் காதுமடல்கள் சிவந்திருந்தன. அவள் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

"புது மெஷின்ல எவ்வளவு நேரம் ஆகுதுன்னான்?"

"நாலு நிமிஷம்."

"நாலு நிமிஷத்துல..." குரல் இறங்கியது. "பாப்பாவுக்குப் பால் எடுத்து முடிச்சிட முடியுமாம்மா?"