பால் ஊற்றி அனுப்பிய பல்லி

கஜகஸ்தானின் கரகண்டா நகரில் அன்று மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. ரௌஷான் வளர்க்கும் சிறுத்தைப் பல்லி பதினாறு நாளாக எதையும் தின்னவில்லை. சூடு குறைந்தால் செத்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அவள் வேலை முடிந்து வந்தபோது கண்ணாடித் தொட்டி காலியாக இருந்தது.

“சமையலறையில ஊர்ந்துச்சு. தலையில பால் ஊத்தி, கீழே வாசல்ல விட்டுட்டேன்,” என்றார் ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் குல்ஷாரா.

“ஐயோ அத்தை, வீட்டுக்குள்ள வந்த பாம்பைத்தானே அப்படி அனுப்புவாங்க? இது நான் வளர்க்குறது!”

“வீட்டுக்குள்ள ஊர்ந்தா எல்லாம் ஒண்ணுதான். பால் ஊத்தித்தான் அனுப்பணும்.”

ரௌஷான் கீழே ஓடினாள். வாசற்படிப் பனியில் பல்லி விறைத்துக் கிடந்தது. தலையில் பால் உறைந்திருந்தது. சால்வையில் சுற்றி மேலே கொண்டுவந்தாள்.

“எதுக்குடி ஓடின? அது அப்பவே திரும்பி வந்துடுச்சு. என்னா பசி, பாரு!”

தொட்டிக்குள் பல்லி புழுவை விழுங்கிக்கொண்டிருந்தது. அதன் தலையிலிருந்து பால் சொட்டியது.

சால்வைக்குள் சிறு பாதம் ஒன்று அவள் விரலைப் பற்றிக்கொண்டது.