முதலிடம் பிடித்த டாங்கி கேசட்

பெட்டிக்குள் கிடந்த வீடியோ கேம் கேசட்டுகளுக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் தனக்குப் பிடித்த பத்து விளையாட்டுகளை வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கடைசி இடமாம்," என்றது வாத்து கேசட். "முதலிடம் உனக்குத்தான் அண்ணே. பெரிய ஆளுப்பா நீ!"

"இடம் கிடக்கட்டும்டா," என்றது பீரங்கி வண்டிகள் மோதும் டாங்கி கேசட். "முன்னெல்லாம் தூசி போக வாயில ஊதிட்டுத்தான் என்னைச் செருகுவார். அந்த மூச்சு பட்டு இருபது வருஷமாச்சு. இன்னிக்காவது ஊதுவாரு."

அவர் வந்தார். டாங்கியை எடுத்துப் பட்டுத்துணியால் துடைத்தார். "இனிமே இதை யாரும் தொடக்கூடாது," என்று சொல்லி, கண்ணாடி அலமாரியில் நிற்கவைத்துப் பூட்டினார்.

பிறகு, சும்மா விளையாட, கையில் அகப்பட்ட வாத்தை எடுத்து ஃபூ என்று ஊதினார்.

"ஐயோ அண்ணே, கூசுது!" என்று வாத்து கத்தியது.

கண்ணாடிக்குள் அது கேட்கவில்லை. அவர் கன்னம் உப்பியதை மட்டும் டாங்கி பார்த்தது.