ஏழாவது ஆள்

செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் அவள் சோபாவில் சாய்ந்தாள். அவளுடைய அச்சகம் ஆறு பேரோடு நடந்தால் பிழைக்கும், ஏழு பேர் என்றால் மூழ்கும். நாளைக்குள் ஒருவரை நிறுத்தியாக வேண்டும்.

"யாரைன்னு முடிவு பண்ணிட்டியா?" கடையில் வாங்கிய ரொட்டியைப் பிரித்தபடி கணவன் கேட்டான். அடுப்படிக்குப் போக அவனுக்கும் தெம்பில்லை.

"எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரங்க. எனக்கு எப்படிங்க மனசு வரும்?"

"பைண்டிங்ல ஒருத்தன் இருக்கானே, அவனை அனுப்பு. புத்தகத்துல ஒட்டுறதைவிட கையில அப்பிக்கிற பசைதான் ஜாஸ்தி. வாய் வேற ஓயாது."

"பாவங்க, ஆரம்பத்துலேருந்து கூடவே இருக்கிற ஆள்."

"இருந்தா என்ன? அவன் வேலையை மத்தவங்க பார்த்துக்குவாங்க. பேசாம வீட்டுக்கு அனுப்பு."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்லுவேன்?"

"இப்ப பார்த்துட்டுத்தானே இருக்கே, சொல்லேன்."

விரலிடுக்கில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டே அவன் சிரித்தான்.

"வீட்டுக்குத்தானே அனுப்பப்போறே? அதுவும் இதே வீடுதான். நாளையிலேருந்து நீங்க வரும்போது சாப்பாடு சூடா இருக்கும், முதலாளியம்மா!"