மூணு டிகிரிதான் கூட

"உடைச்சிட்டியா? முப்பது வருஷத் தெர்மாமீட்டர்! கையில என்ன எண்ணெயா தடவியிருந்தே?"

மாமனார் மருமகளைப் பார்த்துக் கத்தினார். கட்டிலில் மாமியார் கண்களை மூடிக் கிடந்தாள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

பெரியவர் ஆலையில் பாய்லர் பார்த்தவர். படிப்பு கம்மி, ரோஷம் அதிகம். கல்யாணமான புதிதில் மருமகள் அவருடைய ரேடியோவை அணைத்ததை இன்னும் மறக்கவில்லை. அந்தத் தெர்மாமீட்டரை அவர்தான் உதறுவார். உதறாவிட்டால் பாதரசம் ஏறின இடத்திலேயே நிற்கும்.

"வேற வாங்கிட்டேன், மாமா."

பட்டனை அழுத்தினால் எண் தெரிகிற ரகம். மாமியாரின் அக்குளில் வைத்து எடுத்தாள்.

"நாப்பது."

"நாப்பதா? ஐஸ் பெட்டியிலயா படுத்திருக்கா?"

"இது செல்சியஸ், மாமா. தண்ணி உறையறது சைபர், கொதிக்கிறது நூறு. டாக்டருங்க இதுலதான் பார்க்கிறாங்க."

"தண்ணிக்கு வெச்ச கணக்கு மனுஷனுக்கு எதுக்கு? பழசுல நூறைத் தாண்டினா காய்ச்சல். யாருக்கும் புரியும். சரி, இதுல எவ்வளவு இருக்கணும்?"

"முப்பத்தேழு. அத்தைக்கு மூணு டிகிரிதான் கூட."

பெரியவர் விரல் விட்டு எண்ணினார். தொண்ணூற்றெட்டோடு மூன்று.

"நூத்தி ஒண்ணு! நேத்து நூத்தி மூணு இருந்துச்சே. இறங்குதுடி!" என்றார் மனைவியிடம்.

மனைவி லேசாகச் சிரித்தாள்.

அவளுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இத்தனை நாள் தட்டைத் தள்ளிவிட்டவர், அன்று உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு தினமும், "ரெண்டுதான் கூட, மாமா", "ரெண்டரைதான், மாமா." அவரும் மருமகளைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

அடுத்த வாரம் மாமியார் போய்விட்டாள்.

"இறங்கிட்டிருந்த காய்ச்சல்ங்க. இவ கைராசி, முதல்ல அதை உடைச்சா..." என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மருமகளைக் காட்டிச் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லோரும் போன பிறகு கட்டிலை ஒழித்தார்கள். பெரியவர் தலையணை உறையை உருவினார். உள்ளேயிருந்து எதுவோ மெத்தையில் உருண்டது.

பழைய தெர்மாமீட்டர். ஒரு கீறல்கூட இல்லை.

"உடைச்சிட்டேன்னு சொன்னியே?"

"அன்னிக்குக் காலையில இதுல பார்த்ததும் அத்தைதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க, மாமா. 'இது இருந்தா மனுஷன் பட்டினி கிடந்தே எனக்கு முன்னால போயிடுவார், புதுசுல பார்த்துச் சொல்லு, அவருக்குப் புரியாது'ன்னாங்க."

"ஊர் முன்னால அவ்வளவு பேசினேன். அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க இன்னிக்கும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

பழக்கத்தில் உதறுவதற்குக் கையை ஓங்கினார். பாதரசம் கண்ணில் பட்டது.

அவர் விரல் விட்டு நூற்றொன்று என்று எண்ணிய அந்த நாளின் சூடு, நூற்று நான்கில் அப்படியே நின்றுகொண்டிருந்தது.